மலையை மோந்து பார்த்தவர்

படித்தவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று ஊருக்குள் ஒரு பெயரைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்து வைத்திருந்த காலத்தில், ஒரு மழைக்காலம் முழுக்க நான் லாரி பிரேக்கின் தூசியை விபூதி என்று நினைத்து நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தேன். பூசியதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். பக்தி முற்றிப்போய் ஒருநாள் ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. நிறமும் கறுப்பு கலந்த சாம்பல். ஹோமச் சாம்பல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு விழுங்கிவிட்டேன். அப்போது நான் தேனியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் உத்தியோகம்.

அந்த விபூதித் தட்டு இருந்த இடம், கம்பம் சாலையில் ஒரு பிரேக் லைனிங் கடை. கடைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் டிரைவர்கள் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் லைனிங்காரர்தான். அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்னாலேயே வீடு.

லாரியில் பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து இரண்டு வளைந்த இரும்புகள் அழுத்திப் பிடிக்கும். அந்த இரும்பின் முதுகில் ரிவெட் ஆணி அடித்துப் பொருத்திய தடித்த பட்டைதான் லைனிங். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் மலையேறி மலையிறங்க வேண்டிய ஊரில் இந்தப் பட்டை சீக்கிரமே தேய்ந்துவிடும். தேய்ந்ததைப் பெயர்த்து எறிவது, புதிதை அடிப்பது, அரத்தால் ராவிச் சரிசெய்வது, டிரம்முக்குள் கிடக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ‘புஸ்ஸ்’ என்று ஊதித் தள்ளுவது. இவ்வளவுதான் கடையின் வேலை. எவ்வளவு சூட்டுக்கும் கருகாமல் தாங்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸைக் கலந்திருந்தார்கள். தமிழில் கல்நார். அது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது வெறும் தூசி. இல்லை, விபூதி.

மலையில் பிரேக் கைவிடாமல் பத்திரமாக இறங்கி வந்த டிரைவர்கள், கழற்றிய டிரம்மிலிருந்து ஒரு சிட்டிகைத் தூசியை எடுத்து, முருகன் படத்துக்குக் கீழே இருந்த பித்தளைத் தட்டில் போடுவார்கள். பிறகு நெற்றியில் தொட்டு வைத்துக்கொள்வார்கள். எந்த ஆகமத்திலும் இல்லாத வழக்கம். லாரி இன்சூரன்ஸ் விஷயமாக நான் கடைக்குப் போகத் தொடங்கிய புதிதில் அதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பரவசப்பட்டவன். மதினிதான் ஒருநாள் என் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

“தம்பி, நீங்க எப்ப லாரி ஓட்டப் பழகுனீக?”

“லாரியா? இல்லையே மதினி.”

“பெறகென்ன நெத்தியில?”

“விபூதி.”

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏங்க, இங்கன வந்து பாருங்க. இன்சூரன்சுத் தம்பி பிரேக்கப் பூசிக்கிட்டு வந்திருக்காக!” என்றார்.

லைனிங்காரர் வந்தார். சிரிக்கவில்லை. என் நெற்றியிலிருந்து ஒரு விரலால் கொஞ்சம் வழித்தார். கண்ணை மூடினார். விரலை மூக்குக்குக் கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். “கம்பம்மெட்டு” என்றார்.

அதுதான் அவர்.

அவர் டிரம்மைத் திறந்து பார்த்து நோய் சொல்லும் ரகம் இல்லை. மோந்து பார்த்துச் சொல்வார். உள்ளங்கையில் தூசியைக் கொட்டி, கண்ணை மூடி, கல்யாண வீட்டில் காபிப் பொடியை முகர்ந்து பார்க்கும் சமையல்காரரைப் போல இழுப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது.

“அண்ணே, பெடலு கீழ வரைக்கும் போகுது. அதுவும் அந்தப் பெரிய வளைவுல...”

“ஏலே, வாயத் தொறக்காத. நீ சொல்லாத, அது சொல்லட்டும்.”

டிரைவர் கைகட்டி நிற்பான். ஒரு நீண்ட மூச்சு. பிறகு தீர்ப்பு வரும். “குமுளி. எறக்கம். கியர நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கிட்டு வந்திருக்க. டீசல மிச்சம் பிடிக்கிறயாக்கும்?”

“அண்ணே, மொதலாளிகிட்டச் சொல்லிராதீக!”

“மனுசன் பொய் சொல்லுவான், மீட்டரு பொய் சொல்லும். தூசி சொல்லாதுடா.”

இதற்காகவே சின்னமனூரிலும் கம்பத்திலும் இருந்த லைனிங் கடைகளைத் தாண்டிக்கொண்டு லாரிகள் இவரிடம் வந்தன. மோந்து பார்த்துச் சொன்னால்தான் அடுத்த முறை மலையேறத் தைரியம் வரும் என்றார்கள். ஒருமுறை மதினியின் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைத் தோளோடு அணைத்து வரவேற்கிற சாக்கில் மோந்து பார்த்துவிட்டு, “ஆளு நல்ல ஆளு, ஆனா கவர்மென்ட் உத்தியோகம்ங்கிறது பொய்யி” என்றாராம். கல்யாணம் நடந்தது. உத்தியோகம் பொய்தான்.

நானும் மயங்கித்தான் கிடந்தேன். ஆனால் தினமும் போகிறவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேடைக்குப் பின்பக்கம் தெரியத்தானே செய்யும். லாரி வந்து நின்றதும் லைனிங்காரர் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கண்ணாடி ஓரத்தில் அன்னாசிப்பழம் கிடந்தால் குமுளி. தார்ப்பாயில் தேயிலைத் துகள் ஒட்டியிருந்தால் போடிமெட்டு. டிரைவர் முகத்தில் திருட்டுக்களை இருந்தால் நியூட்ரல். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கண்ணை மூடுவார். நான் கவனிப்பதை அவரும் கவனித்துவிட்டார். ஒருநாள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

“கண்ணு பாத்தத மூக்கு சொன்னாத்தாம்ப்பா நம்புறாய்ங்க.”

பாதி கண், பாதி மூக்கு போலிருக்கிறது என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கிலும் தப்பு இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து, தொழிற்சாலைகளில் வரும் ஆபத்துகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தடித்த கையேடு வந்தது. மற்றவர்கள் அதை ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்துக்கொண்டார்கள். நான் படித்துத் தொலைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் என்ற அத்தியாயத்துக்கு வந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. அதன் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தைத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கும், கரையாது, பல வருஷம் சத்தமே காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகு மூச்சுத்திணறலாகவோ புற்றாகவோ எழுந்து வரும் என்று எழுதியிருந்தது. பிரேக் தூசியைக் காற்றால் ஊதுவதைத் தனியாகக் கண்டித்திருந்தார்கள். நெற்றியில் பூசுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

அன்று மாலையே ஒரு மாஸ்க்கை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். லைனிங்காரர் வேலையாக இருந்தார். பின்பக்கம் கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருந்தது. நான் குரலை உயர்த்தி ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பேசியதில்லை. கல்நாரின் வரலாறு, நுரையீரலின் அமைப்பு, தூசியை ஈரமாக்கித் துடைக்க வேண்டிய அவசியம், மனைவி மக்கள், மனித உயிரின் மதிப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டேன். நடுவில் எனக்கே கண் கலங்கியது. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல ஒரு சைகை. நான் வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மாஸ்க் உபயோகத்தில்தான் இருந்தது. அதைக் கிண்ணம்போல மல்லாத்தி வைத்து ரிவெட்டுகளைப் போட்டிருந்தார். அவர் பாட்டுக்குப் ‘புஸ்ஸ்’ என்று ஊதிக்கொண்டிருந்தார். ஓட்டுக்கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் தூசி ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தது.

அறிவியலைப் படித்துப் பயந்துபோனவன் செய்ய வேண்டியதை நானும் செய்தேன். பழனிக்குப் போனேன்.

திரும்பி வந்ததும் லைனிங்காரருக்கென்று மடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தை அவருடைய மேஜையில் வைத்தேன். அசல் விபூதி. பொட்டலத்தைப் பிரிக்காமலே கடை மணத்தது. அதே நேரம் ஒரு டிரைவர் மூச்சிரைக்க வந்தான். லாரி உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கமே படுத்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குச் சாம்பிள் கொண்டுவருகிறவனைப் போல டிரம் தூசியை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். அதையும் மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

சுற்றி வந்து பார்ப்பதற்கு லாரி இல்லை. லைனிங்காரர் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடி உள்ளங்கையை நீட்டினார்.

“கொண்டா.”

திரும்பி வந்த டிரைவர் அவசரத்தில் என் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவர் கையில் கொட்டிவிட்டான். அந்த வாசம் பரவியதும் டிரைவரின் முகம் மாறியது. மதினி டீ கிளாஸ்களோடு வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். லைனிங்காரர் நிதானமாக மூக்கருகே கொண்டுபோனார். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“கம்பம்மெட்டு” என்றார். “ஓவர்லோடு. லைனிங்கு கருகி நாறுதுடா.”

ஏன் சத்தமில்லை என்று அவர் கண்ணைத் திறந்தார். உள்ளங்கையில் வெள்ளை. டிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாக வாசற்படியைப் பார்த்தார். பிறகு, அதற்காகத்தான் வாங்கியதுபோல, மூன்று விரலால் எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, “முருகா” என்றார். டிரைவரிடம், “போயி வண்டியக் கட்டி இழுத்துட்டு வாடா, தாள்ல மடிச்சுக் கொண்டாந்தா வைத்தியமா?” என்று சீறினார்.

அவன் போனதும் மதினி டீயைக் கீழே வைத்தார்.

“பழனி விபூதி வாசம் தெரியல?”

“தடுமன். மூக்கடைச்சிருக்கு.”

“கொழம்பு அடிப்பிடிச்சுத் தெருவே நாறுச்சு, கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சீக. அப்பயும் தடுமன். கேஸு கசிஞ்சு பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்தா, நீங்க சாமி வெளக்குப் பொருத்தத் தீப்பெட்டியத் தேடுனீக. அப்பயும் தடுமன். எத்தன வருசத் தடுமன் இது?”

அவர் டீயை எடுத்தார். பழக்கதோஷம், குடிப்பதற்கு முன் மோந்து பார்த்தார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதி கண், பாதி மூக்கு இல்லை. முழுக்கக் கண்தான். மூக்கு எப்போதோ போய்விட்டது. கடையின் பெயர் நிற்பதற்காக அவர் தினமும் வெறும் தூசியை வெறுமனே உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மதினி விடவில்லை. துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டு அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். சின்ன வயசு டாக்டரம்மா. எக்ஸ்ரே எடுத்து, மூச்சை ஊதச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் பிடித்து நேரம் எடுத்துப் பார்த்தார். என்ன வேலை, தூசியை எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“மூக்கு திரும்பக் கெடைக்குமா டாக்டரம்மா?” என்றார் லைனிங்காரர். “அது இல்லாட்டித் தொழிலு இல்ல.”

“மூக்க அப்புறம் பாப்போம். நெஞ்சுல வடு விழுந்திருக்கு. வந்த வடு மாறாது. இனிமே தூசி உள்ள போகாமப் பாத்துக்கிறதுதான் வழி. பீடிய இன்னைக்கே நிறுத்தணும். இந்தத் தூசியோட பீடியும் சேந்தா கேன்சர் வர்றதுக்கு நாமளே கதவத் தொறந்து விடுற மாதிரி.”

“பீடிப் புகை தூசிய வெளிய தள்ளிரும்னுல்ல நெனச்சேன்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. கேட்டுக்கொண்டு போய்விட்டு மறுநாள் ஊதுகிற சிரிப்பு அது. மாஸ்க் கொண்டுபோன அன்றைய தலையாட்டலும் எனக்கு நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

“வேலைச் சட்டைய யாரு துவைக்கிறது?”

“நாந்தேன்” என்றார் மதினி.

“உதறிட்டுத் துவைப்பீங்களா?”

“உதறாமத் துவைச்சா எப்பிடி அழுக்குப் போகும்? புறவாசல்ல நின்னு நாலு உதறு உதறுனா பொகை மாதிரிப் போகும்.”

டாக்டரம்மா இன்னொரு எக்ஸ்ரே சீட்டை எடுத்து மதினியின் பெயரை எழுதினார். லைனிங்காரரின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

மதினி உள்ளே போயிருந்த நேரம் நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா இன்சூரன்சு” என்றார். “அவ உதறுறப்ப எல்லாம் நான் அங்கன வாசப்படியில உக்காந்து, நல்லா உதறுடின்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்.”



மதினியின் படத்தில் ஒன்றும் இல்லை. “இப்போதைக்கு” என்ற சொல்லை டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்றார். லைனிங்காரர் அந்தப் படத்தை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் புரியாமல், வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த வாரம் கடை அடையாளம் தெரியவில்லை. டிரம்முக்குக் கம்ப்ரசர் காற்றுப் பிடிப்பது நின்றது. அந்த இடத்துக்கு ஒரு பெரிய தொட்டியும் சோப்புத் தண்ணீரும் வந்தன. டிரம்மை நனைத்து ஈரத்துணியால் துடைப்பது, அந்தக் கசடைக் கோணியில் வாய் கட்டி வைப்பது, விளக்குமாறு போடாமல் தரையைத் தண்ணீர் தெளித்து வழிப்பது என்று எல்லாம் மாறியது. வேலைச் சட்டை வீட்டுக்குப் போகாது. கடைப் பின்பக்கம் வாளித் தண்ணீரில் ஊறும். அவர் அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். முகத்தில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாஸ்க். நான் வாங்கிக்கொடுத்தது அந்தத் தூசிக்குப் போதாதாம். ரிவெட் போடத்தான் லாயக்கு என்பதை அவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் வரத் தொடங்கியதும் அதைத்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்தார். பித்தளைத் தட்டில் நிஜ விபூதி வைத்தார்.

டிரைவர்கள் கொதித்துப்போனார்கள்.

“பிரேக்குல போயித் தண்ணிய ஊத்துறீகளே! எறக்கத்துல வழுக்கிச்சுன்னா யாருண்ணே பொறுப்பு?”

“காஞ்ச பெறகுதானடா மாட்டுறேன்.”

“மோந்து பாக்க மாட்டீகளா?”

அதுதான் சிக்கல். மோந்து பார்க்காத லைனிங்காரரை யார் தேடி வருவார்கள்? ரெண்டு மூன்று பேர் சின்னமனூருக்கே போய்விட்டார்கள். கடை காற்றாடியது. லைனிங்காரர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள், மாஸ்க்குக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு, டிரம்மிலிருந்து வழித்த ஈரக் கசடைக் கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாகத் தேய்த்தார். டிரைவரை வெளியே நிற்கவைத்திருந்தார். தேய்த்தார், தேய்த்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“குமுளி.”

டிரைவர் அசந்துபோய்க் கும்பிட்டான். கண்ணாடி ஓரத்தில் அன்னாசிப்பழம் கிடந்ததை நான் மட்டும் பார்த்தேன். இந்த வித்தை பழையதைவிட நன்றாக ஓடியது. ‘மோந்து பாக்கிறதெல்லாம் பழைய காலம், அவரு இப்பத் தொட்டே சொல்லிர்றாரு’ என்று கம்பம் வரைக்கும் பேச்சு.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. வருஷங்கள் கழித்துத் தேனிக்கு வந்தபோது அவர் இல்லை. போன கார்த்திகையில் போய்விட்டார் என்றார்கள். பழைய வடு புது மாஸ்க்கைப் பார்த்துத் திரும்பிப் போய்விடவில்லை. கடைசி ஒரு வருஷம் நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினாராம். அப்போதும் நாற்காலியைக் கடைவாசலில் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம்.

வீட்டுக்குப் போனேன். மதினி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மேஜையில் அந்த வருஷத்து எக்ஸ்ரே உறை. “ஒண்ணுமில்லன்னுட்டாக” என்றார். சாதாரணமாகச் சொன்னார். காபி கொடுத்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கொஞ்சம் தன்னடக்கத்தோடுதான், பேச்சை எடுத்தேன். “அண்ணன் எதையும் காதுல வாங்காதவருன்னு சொல்லுவாங்க. அன்னைக்கு நான் அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னப்ப எவ்வளவு கவனமாக் கேட்டுக்கிட்டாரு. எம் பேச்சு கொஞ்சமாவது உள்ள போயிருக்கும் மதினி.”

மதினி காபி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“என்னைக்கு? அந்த மூஞ்சி மூடி வாங்கியாந்த அன்னைக்கா? கம்ப்ரசரு ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு தம்பி, அவுகளுக்கு ஒண்ணும் கேக்கல. ‘பாவம், கண்ணெல்லாம் கலங்கி நிக்கிறான், பாலிசி போடச் சொல்றான் போல, இல்லன்னு சொல்ல மனசு வரல, தலைய ஆட்டி வச்சேன்’னு வந்து சொன்னாக.”